தென் செபராங் பிறையில் எந்த இடைநிலைப்பள்ளி? எண்களைக் கேட்டு வாங்கி ஒப்பிடும் முறை

நான் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், தென் செபராங் பிறையில் ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர். பகல் வேலை பத்து காவான் தொழிற்சாலை ஒன்றில், கணக்குப் பிரிவில். மூத்த மகள் எஸ்பிஎம் (இடைநிலைப்பள்ளியின் கடைசி ஆண்டான ஐந்தாம் படிவத்தில் எழுதும் அரசுத் தேர்வு) முடித்துவிட்டாள், சின்னவன் இப்போது ஆறாம் ஆண்டு. வருடா வருடம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் அம்மாக்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, எந்த ஸ்கூல் நல்ல ஸ்கூல்?" நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: "உங்க பிள்ளை மலாய்ல எப்படிம்மா, கணக்குல எப்படி?"

இதைத் தெரிந்துகொள்ளாமல் பதில் சொல்ல முடியாது. ஒரே பள்ளி, ஒரே ஆண்டு, ஒரே பாடம். அது ஒரு பிள்ளையைத் தூக்கிவிட்டிருக்கும், இன்னொரு பிள்ளையைக் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கும். இரண்டும் பள்ளியின் எண்களிலேயே தெரியும். பள்ளி வாசலில் தொங்கும் பேனரில்தான் தெரியாது. பேனரில் ஐந்தாறு பிள்ளைகளின் முகமும் ஏக்களின் எண்ணிக்கையும் இருக்கும். அந்தப் பிள்ளைகளைப் பாராட்ட வேண்டியதுதான். ஆனால் மீதி நூற்றைம்பது பேர் என்ன ஆனார்கள் என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும். பெரும்பாலும் நம் பிள்ளை அந்த நூற்றைம்பதில் ஒருவராகத்தான் இருக்கும்.

முன்பு ஆறாம் ஆண்டுக்கு யுபிஎஸ்ஆர் தேர்வு இருந்தது, மூன்றாம் படிவத்துக்கு பிடி3 இருந்தது. யுபிஎஸ்ஆர் 2021-லும் பிடி3 2022-லும் எடுக்கப்பட்டுவிட்டன. இப்போது பள்ளியில் நடக்கும் மதிப்பீட்டையும் ஆண்டிறுதித் தேர்வையும் வைத்து இரண்டு இடைநிலைப்பள்ளிகளை ஒப்பிடவே கூடாது. திருத்துவது அந்தந்தப் பள்ளி ஆசிரியர்கள். எல்லாப் பள்ளிக்கும் ஒரே தாள், வெளியார் திருத்துவது என்றால் எஸ்பிஎம் ஒன்றுதான். ஆகவே ஒப்பீட்டை அங்கிருந்து தொடங்குவோம்.

ஜிபிஎஸ் என்ற எண்

பள்ளிகள் தங்கள் எஸ்பிஎம் அடைவைச் சொல்லும்போது ஜிபிஎஸ் என்று ஒரு எண் வரும். பள்ளியின் சராசரி தரம் அது. எண் குறையக் குறைய நல்லது என்பதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். கூட்டங்களில் "நம்ம ஸ்கூல் 5.2, அவங்க 4.8, நாமதான் மேலே" என்று நினைத்துக் கைதட்டுபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கணக்கு இப்படி: ஏ+ என்றால் 0, ஏ 1, ஏ- 2, பி+ 3, பி 4, சி+ 5, சி 6, டி 7, ஈ 8, தோல்வியான ஜி 9. எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால் வருவதுதான் சராசரி. ஒரு பாடத்துக்கு மட்டும் போட்டால் அதற்கு ஜிபிஎம்பி என்று பெயர். நாடு முழுவதற்கும் போட்டால் ஜிபிஎன்.

இந்த ஜிபிஎன்னைக் கையில் வைத்துக்கொண்டுதான் பள்ளியின் எண்ணைப் பார்க்க வேண்டும். 2022 எஸ்பிஎம்மில் தேசிய சராசரி 4.74. 2023-இல் 4.60. 2024-இல் 4.49. இரண்டே ஆண்டில் நாடே 0.25 முன்னேறியிருக்கிறது. இதே காலத்தில் ஒரு பள்ளி 5.40-லிருந்து 5.20-க்கு வந்தது என்று மேடையில் சொன்னால், அது 0.20 முன்னேற்றம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நாட்டோடு சேர்த்துப் பார்த்தால் அந்தப் பள்ளி கொஞ்சம் பின்தங்கியிருக்கிறது. அதனால் ஒவ்வோர் ஆண்டும் பள்ளியின் எண்ணிலிருந்து அந்த ஆண்டின் தேசிய எண்ணைக் கழித்து, அந்த இடைவெளி குறைகிறதா கூடுகிறதா என்று பாருங்கள். இதற்கு ஒரு கால்குலேட்டரும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.

பழைய எண்களோடு ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2020 எஸ்பிஎம் கோவிட் காரணமாக 2021 தொடக்கத்தில்தான் நடந்தது. 2021-லிருந்து புதிய பாடத்திட்டத் தாள்கள் வந்துவிட்டன. அதற்கு முந்தைய எண்களை இன்றைய எண்களோடு ஒட்டிப் பார்த்துக் குழம்பிக்கொள்ள வேண்டாம்.

நம் பக்கத்துச் சின்னப் பள்ளிகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கணிதத் தேர்வு எழுதியவர்கள் 40 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் ஜியிலிருந்து சிக்கு ஏறினால் பாடச் சராசரி 0.30 நகர்ந்துவிடும். 200 பேர் எழுதிய பள்ளியில் அதே நான்கு பேர் ஏறினால் 0.06 மட்டும்தான் நகரும். ஆகவே தோட்டப்புறத்துச் சின்னப் பள்ளி ஒரு வருடம் பாய்ந்து ஏறினாலும் சறுக்கினாலும் உடனே முடிவு கட்டாதீர்கள். மூன்று ஆண்டு எண்களையும், ஒவ்வோர் ஆண்டும் எத்தனை பேர் எழுதினார்கள் என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

சராசரிக்குள்ளே யார் இருக்கிறார்கள்

நான் அதிகம் வற்புறுத்திச் சொல்வது இந்தப் பகுதியைத்தான். "90 விழுக்காடு தேர்ச்சி" என்பதும் சரி, ஒரு சராசரி எண்ணும் சரி, தனியாக நின்றால் ஏமாற்றிவிடும். கணக்குக் காட்டுவதற்காக நானே போட்ட இரண்டு பள்ளிகளைப் பாருங்கள். இரண்டிலும் கணிதம் எழுதியவர்கள் 40 பேர்.

முதல் பள்ளி: ஏ+ 2 பேர், ஏ 3, ஏ- 3, பி+ 4, பி 4, சி+ 5, சி 5, டி 5, ஈ 5, ஜி 4.

இரண்டாம் பள்ளி: ஏ+ 5 பேர், ஏ 5, ஏ- 5, பி+ 5, பி 4, சி+ 4, சி 3, டி 2, ஈ 1, ஜி 6.

முதல் பள்ளியில் 36 பேர் தேர்ச்சி, அதாவது 90 விழுக்காடு. சராசரி 5.08. இரண்டாம் பள்ளியில் 34 பேர் தேர்ச்சி, 85 விழுக்காடு. சராசரி 4.00. தேர்ச்சியைப் பார்த்தால் முதல் பள்ளி மேல், சராசரியைப் பார்த்தால் இரண்டாம் பள்ளி ரொம்பவே மேல். எது உண்மை?

இரண்டும் உண்மைதான். இப்போது சி வரைக்கும் எடுத்தவர்களை மட்டும் எண்ணுங்கள். கிரெடிட் என்பது அதுதான். முதல் பள்ளியில் 26 பேர், இரண்டாவதில் 31 பேர். டி, ஈ எடுத்துத் தட்டுத்தடுமாறித் தேறியவர்கள் முதல் பள்ளியில் 10 பேர், இரண்டாவதில் 3 பேர்தான். இரண்டாம் பள்ளி நடுத்தரப் பிள்ளைகளை மேலே இழுத்திருக்கிறது. ஆனால் அடியில் இருந்த ஆறு பேரின் கை பிடிக்கவில்லை. ஆறாம் ஆண்டில் பெருக்கல், பின்னம் எல்லாம் தடுமாறாமல் போடுகிற பிள்ளையை நான் இரண்டாம் பள்ளிக்குத் தயங்காமல் அனுப்புவேன். இப்போதே கணக்கு என்றால் அழுகிற பிள்ளைக்கு, அந்த ஆறு பேருக்காகப் பள்ளி என்ன செய்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் முடிவெடுப்பேன். அவர்களுக்கென்று தனி வகுப்பு இருந்ததா, யார் எடுத்தார்கள், எந்தப் படிவத்திலிருந்து எடுத்தார்கள் என்று கேட்க வேண்டும். ஐந்தாம் படிவத்தில் தொடங்கிய தனி வகுப்பால் பெரிய பலன் இருக்காது.

இப்படித் தரவாரியாக எண்ணிக்கை கேட்டால் பள்ளிகள் தருமா என்று கேட்பீர்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் இந்த அட்டவணை பள்ளியில் இருக்கும். சில பள்ளிகள் பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக்கூட்டத்தில் திரையில் போட்டே காட்டுவார்கள். எல்லாப் பாடத்துக்கும் கிடைக்கவில்லை என்றால் நான்கு பாடத்துக்காவது கேளுங்கள்: மலாய்மொழி, வரலாறு, கணிதம், ஆங்கிலம்.

முதல் இரண்டையும் ஏன் சொல்கிறேன் என்றால், மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேறாவிட்டால் எஸ்பிஎம் சான்றிதழே கிடையாது, மற்ற பாடங்களில் எத்தனை ஏ எடுத்தாலும் சரி. வரலாற்றுக்கு இந்த விதி 2013-லிருந்து இருக்கிறது. தமிழ்ப்பள்ளியிலிருந்து போகும் பிள்ளைகளுக்கு வரலாறு பெரும்பாலும் மலாய் வாசிப்பில்தான் விழும். "லாயாக் சிஜில்" எத்தனை விழுக்காடு என்று பள்ளியில் கேட்டால், சான்றிதழுக்குத் தகுதி பெற்றவர்களின் எண்ணிக்கையைச் சொல்வார்கள். ஆனால் மலாய்மொழியில் தேர்ச்சி மட்டும் போதாது. அரசுப் பல்கலைக்கழகம் என்றால் அதில் கிரெடிட் கேட்பார்கள். ஆகவே மலாய்மொழியில் கிரெடிட் விழுக்காட்டைத் தனியாகக் கேளுங்கள். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஒரே ஒரு எண்தான் கேட்க முடியும் என்றால் நான் அதைத்தான் கேட்கச் சொல்வேன்.

தேர்வுக்கே வராத பிள்ளைகள்

ஒரு பள்ளியின் சராசரி, தேர்வு எழுதியவர்களின் சராசரி. எழுதாதவர்கள் அதில் இல்லை. 2024 எஸ்பிஎம் எழுதியவர்கள் பொதுவாக 2020-இல் முதல் படிவத்தில் சேர்ந்தவர்கள். அந்த ஆண்டு எத்தனை பேர் சேர்ந்தார்கள், மூன்றாம் படிவத்தில் எத்தனை பேர் இருந்தார்கள், எஸ்பிஎம்முக்குப் பதிந்தவர்கள் எத்தனை, மண்டபத்துக்கு வந்தவர்கள் எத்தனை? இந்த நான்கு எண்களை ஒரே வரியில் எழுதுங்கள்.

குறைந்தவர்கள் எல்லோரும் படிப்பை விட்டவர்கள் அல்ல. சிலர் மூன்றாம் படிவம் முடித்துத் தொழிற்கல்லூரிக்குப் போயிருப்பார்கள். சிலர் குடும்பத்தோடு இடம் மாறியிருப்பார்கள். முதல் படிவத்துக்கு முன் ரிமூவ் என்று நாம் சொல்லும் புதுமுக வகுப்பில் ஓராண்டு இருந்துவிட்டு வருபவர்கள் ஓராண்டு தள்ளித்தான் எழுதுவார்கள், அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனால் நான்காம் படிவத்துக்கும் ஐந்தாம் படிவத்துக்கும் நடுவில் பத்துப் பதினைந்து பேர் காணாமல் போனால் அதற்குக் காரணம் கேட்டே ஆக வேண்டும். நம் பக்கத்தில் அது பெரும்பாலும் பையன்கள். தொழிற்சாலையில் பகுதிநேர வேலை, உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை, கையில் காசு என்று போய்விடுகிறார்கள். வராத பிள்ளையின் வீட்டுக்கு ஆசிரியர் போய்க் கதவைத் தட்டும் பள்ளிகளும் இருக்கின்றன, கடிதம் அனுப்பிக் கோப்பை மூடுகிற பள்ளிகளும் இருக்கின்றன. பலவீனமான பிள்ளைகளையும் கடைசிவரை பிடித்து வைத்திருக்கும் பள்ளியின் சராசரி கொஞ்சம் மோசமாகத்தான் தெரியும். எனக்கு அந்தப் பள்ளியின் மேல்தான் மரியாதை.

உள்ளே வருகிறவர்களும் எல்லாப் பள்ளியிலும் ஒரே மாதிரி இல்லை. முழுவிடுதிப் பள்ளிகள் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து எடுப்பவை. அவற்றின் எண்ணையும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் பள்ளியின் எண்ணையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். நம் மாவட்டத்துக்குள்ளேயே இது மாறிக்கொண்டிருக்கிறது. 2014-இல் பினாங்கின் இரண்டாவது பாலம் திறந்த பிறகு பத்து காவான், சிம்பாங் அம்பாட் பக்கம் வீடமைப்புப் பகுதிகள் பெருகின. பொறியியலாளர் வீட்டுப் பிள்ளைகளும் அந்தப் பக்கத்துப் பள்ளிகளில் சேர்கிறார்கள். ஜாவி, சுங்கை பக்காப், நிபோங் திபால் உள்பக்கத்துப் பள்ளிகளுக்கு அந்த வரவு குறைவு. ஒரு பள்ளியின் எண் ஏறுவது பாடம் நன்றாக நடப்பதாலும் இருக்கலாம், பக்கத்தில் புதிய தாமான் (வீடமைப்புப் பகுதி) வந்ததாலும் இருக்கலாம்.

இதைப் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரிந்த வழி, நம் தமிழ்ப்பள்ளியிலிருந்து அங்கே போன பிள்ளைகளை மட்டும் பார்ப்பது. ஆறாம் ஆண்டில் உங்கள் பிள்ளை மாதிரியே இருந்த பிள்ளைகள் ஐந்து ஆண்டு கழித்து என்ன எடுத்தார்கள்? தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியருக்கும் ஆறாம் ஆண்டு ஆசிரியருக்கும் பெரும்பாலும் தெரிந்திருக்கும். எங்கள் சங்கத்தில் இதற்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பிள்ளையின் பெயர் எழுதுவதில்லை. ஆறாம் ஆண்டில் மலாய், கணித நிலை, சேர்ந்த பள்ளி, எஸ்பிஎம்மில் மலாய், வரலாறு, கணிதம், தமிழ். அவ்வளவுதான். உங்கள் பள்ளியிலும் இதைத் தொடங்குங்கள். சில ஆண்டுகளில் எந்தத் தரவரிசையும் தராத தகவல் உங்கள் கையில் இருக்கும்.

பாடமும் ஆசிரியரும்

நான்காம் படிவத்தில் என்னென்ன பாடத் தொகுப்பு இருக்கிறது என்று இப்போதே கேளுங்கள். சின்னப் பள்ளிகளில் கூடுதல் கணிதம், இயற்பியல் எடுக்க ஆள் சேராவிட்டால் அந்த வகுப்பே இருக்காது. மூன்றாம் படிவம் முடிந்து, பிள்ளை ஆசையோடு கேட்கும்போது "இங்கே இல்லை" என்று தெரிய வருவது கொடுமை. இயற்பியல், வேதியியல், உயிரியலுக்கு எஸ்பிஎம்மில் செய்முறைத் தேர்வும் உண்டு. ஆகவே ஆய்வுக்கூடத்தை எட்டிப் பாருங்கள். மேசையில் தூசி படிந்திருந்தால் நீங்களே புரிந்துகொள்வீர்கள்.

தமிழ் விஷயத்தில் கல்விச் சட்டம் 1996 நம் பக்கம் இருக்கிறது. ஒரு தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ்மொழி கற்பிக்க வசதி செய்ய வேண்டும். ஆனால் வகுப்பு கால அட்டவணைக்குள் நடக்கிறதா, பள்ளி முடிந்து நடக்கிறதா என்பது பிள்ளைக்குப் பெரிய வித்தியாசம். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் என்றால் வேன் போய்விடும், பிள்ளை தமிழை விட்டுவிடும். தமிழாசிரியர் நிரந்தரமாக இருக்கிறாரா, கடந்த எஸ்பிஎம்மில் எத்தனை பேர் தமிழ் எழுதினார்கள் என்று கேளுங்கள். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்கள் 30 பேர், தமிழ் எழுதியவர்கள் 8 பேர் என்றால் ஏதோ தடுக்கிறது.

கல்வி அமைச்சு வெளியிடும் பள்ளிப் பட்டியலில் ஒவ்வொரு பள்ளியின் மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, நகர்ப்புறமா புறநகரா என்பதெல்லாம் இருக்கிறது. மாணவரை ஆசிரியரால் வகுத்துப் பாருங்கள். நம் பக்கத்துப் பள்ளிகள் அதில் நன்றாகவே வரும். ஆனால் கணித ஆசிரியர் மாற்றலாகிப் போய், மாற்று ஆசிரியரை வைத்தே மாதங்கள் ஓடுவது அந்தப் பட்டியலில் தெரியாது. என் மகள் படித்த பள்ளியில் அப்படி நடந்தது, டியூஷன் போட்டுத்தான் சமாளித்தோம். "இந்த ஆண்டு எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இடம் காலியாக இருக்கிறது, எப்போதிலிருந்து?" என்று கேட்டால் முதல்வர்கள் பெரும்பாலும் நேர்மையாகவே சொல்கிறார்கள். அவர்களுக்கும் அது வேதனைதான்.

பஸ் நேரம்

இதை யாரும் அடைவு என்று கணக்கில் எடுப்பதில்லை, நான் எடுக்கிறேன். பல்கலைக்கழக நுழைவுக்கான மெரிட் கணக்கில் 90 விழுக்காடு கல்வி, 10 விழுக்காடு புறப்பாடம். புறப்பாடம் பிற்பகலில் நடக்கும். தோட்டத்துப் பிள்ளை மூன்றரை மணிக்கு எப்படி வீடு திரும்பும்? புறப்பாட நாளில் பள்ளிப் பேருந்து தாமதித்துப் புறப்படுமா என்று கேளுங்கள். சராசரி 0.2 மட்டும் நன்றாக இருக்கும் தூரத்துப் பள்ளிக்கு, அதிகாலை ஐந்தே காலுக்கு எழுப்பி, ஐந்து ஆண்டு வேன் கட்டணம் கட்டி அனுப்புவது பல வீடுகளுக்கு வீண். அந்தப் பணத்தில் பக்கத்துப் பள்ளியில் போட்டு, மலாய்க்கும் கணிதத்துக்கும் தனிவகுப்பு வைத்துவிடலாம். நிபோங் திபால் பக்கத்துப் பெற்றோர் சிலர் பாரிட் புந்தாரைப் பார்க்கிறார்கள். தூரம் ஒன்றும் இல்லை. ஆனால் மாநில எல்லையைத் தாண்டினால் பேராக், வேறு மாநிலக் கல்வி இலாகா. மாற்றலுக்கு அங்கேதான் இடம் கேட்க வேண்டும்.

கேட்கும் விதம்

அலுவலகத்தில் போன் செய்து நேரம் வாங்கிக்கொண்டு போங்கள். முதல்வர் இல்லாவிட்டால் பெனோலோங் கானானை (துணை முதல்வரை) பார்க்கலாம், பாட எண்கள் அவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். கேள்விகளை மலாயில் எழுதி எடுத்துப் போங்கள்: சாலோன் டாஃப்தார் (தேர்வுக்குப் பதிந்தவர்கள்), சாலோன் ஹாடிர் (தேர்வுக்கு வந்தவர்கள்), ஜிபிஎஸ் மூன்று ஆண்டு, மலாயிலும் கணிதத்திலும் கிரெடிட், லாயாக் சிஜில். இரண்டு மூன்று பெற்றோர் சேர்ந்து போவது நல்லது. "உங்கள் பள்ளி ஏன் இப்படி" என்று தொடங்காமல், "எங்கள் பிள்ளைகள் இங்கே வரப்போகிறார்கள், நாங்கள் எப்படித் தயார்படுத்த வேண்டும்" என்று தொடங்கினால் எல்லா எண்களும் வெளியே வரும். வெளியே வந்ததும் ஐந்தாம் படிவத்துத் தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு பேரிடம் பேசுங்கள். எந்த ஆசிரியர் வகுப்புக்கு ஒழுங்காக வருகிறார் என்பதை அவர்கள் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

இந்த வேலையை ஆறாம் ஆண்டின் நடுவிலேயே முடித்துவிடுங்கள். முதல் படிவத்துக்கு எந்தப் பள்ளி என்பதை மாவட்டக் கல்வி அலுவலகம்தான் போடும். பெரும்பாலும் உங்கள் தமிழ்ப்பள்ளிக்கென்று ஏற்கெனவே குறித்து வைத்த பள்ளியாக இருக்கும். முதலில் அதைத் தலைமையாசிரியரிடம் கேட்டு, அந்தப் பள்ளியின் எண்களை எடுங்கள். அது உங்கள் பிள்ளைக்குப் பொருந்தினால் மற்ற பள்ளிகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. பொருந்தாவிட்டால் மேல்முறையீடு செய்யலாம், இடம் இருந்தால்தான் கிடைக்கும். மனுவில் "நல்ல பள்ளி" என்று எழுதாதீர்கள். "என் மகளுக்குத் தமிழ்மொழி வகுப்பு கால அட்டவணைக்குள் வேண்டும்", "அக்கா அதே பள்ளியில் படிக்கிறாள், ஒரே வேன்" என்று சரிபார்க்கக்கூடிய காரணத்தை எழுதுங்கள். வீட்டு முகவரிக்கான ரசீதையும் இணைத்து, ஒரு நகல் எடுத்து, அலுவலக முத்திரை குத்தி வாங்கி வையுங்கள்.